மூன்று, ஒன்று, ஒன்று, எட்டு

கல்லூரியில் அவளுக்கு ‘நம்பர் மிஸ்’ என்று பெயர். காதுபடவே சொல்வார்கள், அவள் கோபித்துக்கொண்டதில்லை. உயிர்வேதியியல் துறையில் இருபது வருடமாக நொதிகளைப் பற்றிப் பாடம் எடுத்துவந்தாள். மாணவர்கள் ஒரு நொதியின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, அதற்குரிய நான்கு எண்களையும் புள்ளி வைத்துச் சொல்ல வேண்டும். ஓர் எண் பிசகினாலும் மதிப்பெண் கிடையாது.

“பேரு ஆளுக்கு ஒண்ணு வைப்பாங்க. நம்பர்தான் விலாசம். வீட்டு நம்பரை மாத்தி எழுதினா கடிதம் பக்கத்து வீட்டுக்காரங்க கையிலதான் போய்ச் சேரும்,” என்பாள்.

முதல் எண் வகுப்பைச் சொல்லும். ஒன்றாம் வகுப்பு எலக்ட்ரானைக் கைமாற்றிவிடும். இரண்டாம் வகுப்பு ஒரு மூலக்கூறிலிருந்து ஒரு துண்டை எடுத்து இன்னொன்றின் தலையில் கட்டும். மூன்றாம் வகுப்பு தண்ணீரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வெட்டும். நான்காவது, தண்ணீர் இல்லாமலேயே பிரித்துவிடும். ஐந்தாவது எதையும் கூட்டாமல் குறைக்காமல், இருப்பதையே மாற்றி அடுக்கும். ஆறாவது ஆற்றலைச் செலவழித்து ஒட்டும். ஏழாவது சவ்வின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கடத்தும். இந்த ஏழாவதைச் சேர்த்துச் சில வருடங்கள்தான் ஆகின்றன. ஆறு, ஆறு என்று சொல்லிப் பழகிய வாய். முதல் வருடம் வகுப்பே சேர்ந்து “ஏழு மிஸ்” என்று அவளைத் திருத்தியது.

இருபது வருடம் அப்படிக் கத்தியதில் தொண்டை கெட்டுப்போனது. முதலில் கரகரப்பு, பிறகு பாதி வார்த்தையில் குரல் காணாமல் போவது. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் மிளகளவு ஒரு சதை வளர்ந்திருக்கிறது என்றார். எடுப்பது கால் மணி நேர வேலை. அதன் பிறகு ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது.

“ஒரு வாரமா? இவளா?” என்று கேட்டார் அப்பா. “அதுக்கும் சேர்த்து ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்.”

அப்பா ஆயத்த ஆடைத் தொழிற்கூடத்தில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டவள். மகளுக்கு நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் வேண்டாம் என்று எப்போதோ சொல்லிவிட்டாள், வீடும் அந்தப் பேச்சை எப்போதோ விட்டுவிட்டது. மூன்று பேரும் ஒரு கூரையின் கீழ், ஒருவர் வேலையில் ஒருவர் தலையிடாமல், நிம்மதியாகத்தான் இருந்தார்கள். அவளுக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்திருந்தான். ஆறு வயதில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டான் என்று சொல்லியிருந்தார்கள். அவன் போய் ஒன்றரை வருடம் கழித்துத்தான் இவள் பிறந்தாள். அதனால் அவளுக்கு அவன் பீரோவுக்குள் இருக்கும் ஒரு புகைப்படம், அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து கேள்விகள் கேட்டார். நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண்மணி. படபடவென்று பேசினாலும் பதிலைக் காது கொடுத்துக் கேட்கிறவர்.

“இதுக்கு முன்னாடி ஆபரேஷன் எதுவும்?”

“இல்லை.”

“குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்தால ஏதாவது பிரச்சனை வந்திருக்கா?”

“இல்லை,” என்றாள் அவள்.

அறை ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து, பாதிக்கு மேல் நிறைந்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நிரப்பப் போனாள்.

மறுநாள் காலை அவளுக்கு நினைவிருந்தவை: வட்டமான விளக்கு, முகத்தில் வைத்த பிளாஸ்டிக் மூடியின் வாசனை, “நல்ல இடமா ஒண்ணை நினைச்சுக்கங்க” என்ற குரல். எதை நினைப்பது என்று யோசிப்பதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது.

அடுத்து அவள் கேட்டது, உலோகத் தட்டில் எதையோ வைக்கிற சத்தம். பிறகு ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம், பிள்ளைக்கு வாங்கிய செருப்பு ஒரு சைஸ் சின்னதாகிவிட்டது, மாற்றப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முடிந்துவிட்டது போலிருக்கிறது, பரவாயில்லை என்று நினைத்தாள்.

“முடிஞ்சிடுச்சும்மா. கண்ணைத் திறங்க,” என்றார் மயக்க மருந்து டாக்டர்.

அவள் கண்ணைத் திறந்தாள். கண் திறக்கவில்லை.

மறுபடி முயன்றாள். இமை என்ற ஒன்று இருப்பதே தெரியவில்லை. கையைத் தூக்கினாள், கை படுக்கையிலேயே கிடந்தது. தொண்டைக்குள் ஒரு குழாய் இருப்பது தெரிந்தது. நெஞ்சு ஏறியது, இறங்கியது. ஆனால் அந்த மூச்சு அவளுடையதாக இல்லை. அவள் கேட்டபோது வரவில்லை. அது நினைத்தபோது வந்தது.

“கையை அழுத்துங்க. என் விரலை அழுத்துங்கம்மா.”

அழுத்தினாள். தன் பலம் மொத்தத்தையும் திரட்டி அழுத்தினாள்.

“ஒண்ணும் இல்லையே,” என்றது அந்தக் குரல். “ஒரு நிமிஷம் மெஷினை நிறுத்துங்க. தானா எடுக்கறாங்களான்னு பார்ப்போம்.”

மூச்சு நின்றது. உடம்பு முழுக்கக் காற்றுக்காகத் தவித்தது, உடம்பில் ஒரு மயிர்க்கால் கூட அசையவில்லை. கத்த வேண்டும் என்று இருந்தது. கத்துவதற்கு வேண்டிய எதுவும் அவளிடம் இல்லை. செத்துக்கொண்டிருக்கிறேன், இவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். எத்தனை விநாடி என்று தெரியாது. மறுபடி காற்று உள்ளே வந்தபோது, அந்தக் காற்றின் மேல் அவளுக்கு வந்த நன்றி போல வேறு எதன் மேலும் அவள் வாழ்நாளில் வந்ததில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

குழாய் விடுவதற்காகத் தசைகளைத் தளர்த்த ஒரு மருந்து கொடுப்பார்கள். அது ஐந்து நிமிடத்தில் போய்விடும். எப்படிப் போகிறது? ஈரல் செய்து இரத்தத்தில் மிதக்கவிடும் ஒரு நொதி அதைப் பிடித்து வெட்டுகிறது. ஊசியில் ஏறிய மருந்தில் பெரும்பங்கு தசையை அடைவதற்கு முன்பே துண்டாகிவிடும். தண்ணீரை வைத்துக்கொண்டு வெட்டுவதால் மூன்றாம் வகுப்பு. எஸ்டர் பிணைப்பை வெட்டுவதால் அடுத்தது ஒன்று. அதற்குள் உட்பிரிவு ஒன்று. வரிசையில் எட்டு. ஏழாவதாக நிற்பது அதன் அக்காள்; நரம்பும் தசையும் சந்திக்கிற இடத்தில் வேலை செய்கிறவள். அக்காள் இந்த மருந்தைத் தொடவே மாட்டாள். தங்கைதான் வெட்ட வேண்டும். சில ஆயிரம் பேரில் ஒருவருக்குத் தங்கை பிறவியிலேயே பழுது.

இதை அவள் ஒவ்வொரு வருடமும் பாடத்தின் கடைசி இரண்டு வரியாகச் சொல்லியிருக்கிறாள். மணி அடிக்கிற நேரத்தில், புத்தகத்தை மூடிக்கொண்டே. இரண்டு மதிப்பெண் கேள்வியாகவும் கேட்டிருக்கிறாள்.

மணிக்கட்டில் எதையோ ஒட்டினார்கள். சுரீர் என்று மின்சாரம் பாய்ந்தது. நான்கு முறை. வலித்தது. கட்டை விரல் துடித்திருக்க வேண்டும். துடிக்கவில்லை என்பது சுற்றியிருந்தவர்களின் மௌனத்தில் தெரிந்தது.

மயக்க மருந்து டாக்டரின் குரல் அவள் காதருகில் வந்தது. இப்போது அந்தக் குரலில் படபடப்பு இல்லை.

“நீங்க முழிச்சிருந்தா நான் பேசறது கேட்கும். பயப்படாதீங்க. போட்ட மருந்து இன்னும் உடம்பை விட்டுப் போகல. உங்க ரத்தத்துல அதை உடைக்கிற என்சைம் சரியில்லைன்னு நினைக்கிறேன். இப்ப உங்களைத் தூங்க வைக்கறேன். அது போற வரைக்கும் மூச்சை நாங்க பார்த்துக்கறோம். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.”

மூன்றே கால் மணி நேரம் ஆனது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் கண் விழித்தபோது குழாய் எடுக்கப்பட்டிருந்தது. மயக்க மருந்து டாக்டர் படுக்கையின் அருகில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பேசக் கூடாது என்பதால் நோட்டையும் பேனாவையும் கையில் கொடுத்தார்.

“ஏதாவது தெரிஞ்சுதா? நடுவுல?”

அவள் எழுதினாள்: *எல்லாம் கேட்டது. செருப்பு ஒரு சைஸ் சின்னது.*

டாக்டர் அதைப் படித்தார். “மன்னிச்சுக்கங்க,” என்றார். “மெஷினை நிறுத்தினேன் பாருங்க, அது…”

*உங்களுக்கு எப்படித் தெரியும்? காதில் பேசினீர்களே, அது போதும். என் பெற்றோரிடம் நான் விழித்திருந்ததைச் சொல்ல வேண்டாம்.*

“சொல்லல. ரத்தம் அனுப்பியிருக்கேன், ஒரு வாரத்துல வரும். உங்க அப்பா அம்மா ரத்தத்தையும் கேட்டு வாங்கிட்டேன். இது பரம்பரையா வர்றது. கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களுக்கும் பார்க்கணும்.”

*அண்ணன் ஒருவன். ஆறு வயதில் இறந்துவிட்டான். காய்ச்சல்.*

வீட்டுக்கு வந்து ஐந்து நாள் நோட்டிலேயே பேசினாள். அப்பாவுக்கு அது ஒரு விளையாட்டுப் போல ஆகிவிட்டது. அவள் எழுதி முடிப்பதற்குள் மீதியை அவரே ஊகித்துச் சொல்லி, தப்பாகச் சொல்லித் திட்டு வாங்குவார். திட்டையும் எழுதித்தான் வாங்கினார். அம்மா மட்டும் ஒட்டாமலே இருந்தாள். கேட்டால் தலைவலி என்றாள்.

ஆறாம் நாள் பிற்பகல் முடிவு வந்தது. சாப்பாட்டு மேசையில் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டுத் தாளை விரித்தாள். அந்த நொதி ஒழுங்காக இருக்கிறவர்களுக்கு எண்பது என்று வர வேண்டிய அளவு, அவளுக்கு இருபத்தொன்று. அப்பாவுக்கு அறுபத்திரண்டு, அம்மாவுக்கு ஐம்பத்தொன்பது.

“எனக்கும் குறைச்சலா? நான் நல்லாத்தானே இருக்கேன்,” என்றார் அப்பா.

அவள் நோட்டில் படம் போட்டாள். *கத்திரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் மிதக்கிறது. மருந்தை வெட்டுவதுதான் வேலை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட கண்ணிகளைக் கோத்துச் செய்த கத்திரி. எனக்கு அதில் எழுபதாவது கண்ணி வேறு. அந்த ஒன்று மாறியதால் மருந்து கத்திரியின் வாயில் நிற்பதில்லை.*

அப்பா தாளைத் தன் பக்கம் திருப்பினார். “ஆணி ஆடிப் போன கத்திரி. திறக்கும், மூடும், துணி வழுக்கிக்கிட்டுப் போயிடும்.”

*அதேதான். உங்கள் இருவரிடமும் நல்லது பாதி, ஆடினது பாதி. பாதியே வேலைக்குப் போதும். எனக்கு இரண்டு பக்கமும் ஆடினதே வந்துவிட்டது. உங்களுக்குப் பிறக்கிற பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு இப்படி ஆகலாம்.*

அப்பா அதை உரக்கப் படித்தார். ‘நாலில் ஒன்றுக்கு’ என்ற இடத்தில் அவர் குரல் மெதுவாகி நின்றது. கண்ணாடியைக் கழற்றினார்.

“தூங்க வைக்கறப்ப போடற மருந்தா?” என்று கேட்டார். “தொண்டை ஆபரேஷனுக்குப் போடறதா?”

அவள் தலையசைத்தாள்.

“போட்டா மூச்சு நின்னுடுமா?”

மறுபடி தலையசைத்தாள். அவளுக்கு இன்னும் எதுவும் புரியவில்லை.

அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“அப்ப பால்?” என்றாள்.

அப்பா திரும்பினார். “என்ன பால்?”

அம்மாவின் பார்வை தாளிலேயே இருந்தது.

“என்ன பால்னு கேட்கறேன்.”

மகள் பேனாவைக் கீழே வைத்தாள். பேசக் கூடாது என்பதை மறந்து, காற்றாக ஒரு குரலில், “அம்மா, அண்ணன் எப்படிச் செத்தான்?” என்று கேட்டாள்.

அம்மா நின்றபடியேதான் சொன்னாள். காய்ச்சல் இல்லை. தொண்டையில் சதை, டான்சில். மாசத்துக்கு ஒரு தடவை வீங்கிக்கொண்டு சோறு இறங்காமல் கஷ்டப்படுவான். பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, எடுத்துவிடலாம் என்றார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் கொடுக்கக் கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருந்தார்கள். பிள்ளை பசியில் அழுதான். அப்பா வண்டி பிடிக்கப் போயிருந்த நேரம், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரை டம்ளர் பால் கொடுத்தாள். வாயைக் கழுவிவிட்டாள். அப்பாவிடம் சொல்லாதே என்று சொன்னாள்.

“வெட்டி எடுத்து, நல்லபடியா முடிஞ்சுதுன்னு படுக்கைக்குக் கொண்டுவந்தாங்க. தூங்கறான்னு நினைச்சேன். கொஞ்ச நேரத்துல உதடு ஒரு மாதிரி ஆச்சு. நெஞ்சு ஏறல. கத்தினேன். டாக்டர் ஓடி வந்தாரு. என்னென்னமோ பண்ணாரு. பண்ணிக்கிட்டே என்னைப் பார்த்துக் கேட்டாரு, ‘காலையில ஏதாவது குடுத்தீங்களா’ன்னு. இல்லைன்னு சொன்னேன்.”

அம்மா நாற்காலியிலிருந்து கையை எடுத்தாள்.

“நாற்பத்தாறு வருஷம்,” என்றாள் அம்மா. “பால் ஏறி மூச்சை அடைச்சுடுச்சுன்னு. நான்தான்னு.”

அப்பா மேசை மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு, துணியில் அளவு பார்க்கிறவர் போலக் குனிந்திருந்தார். பிறகு நிமிராமலே சொன்னார்: “நீ இல்லைன்னு சொன்னதால நான் அந்த டாக்டரை அடிச்சேன்.”

இது மகளுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“எல்லாரும் பார்க்க அடிச்சேன். கண்ணாடி உடைஞ்சு முகத்துல கிழிச்சுது. ‘என் பொண்டாட்டி ஒண்ணும் குடுக்கல, நீதான் கொன்னே’ன்னு சொல்லி அடிச்சேன். மறுநாளும் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போனேன். அந்த ஆஸ்பத்திரியையே மூடிட்டாங்க.” அவர் அம்மாவைப் பார்த்தார். “அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அவரை அடிச்சிருக்க மாட்டேன்.”

“அடிச்சிருக்க மாட்டீங்க,” என்றாள் அம்மா. “என்னை அடிச்சிருப்பீங்க.”

அப்பா கைகளை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

மகள் நோட்டை இழுத்து எழுதினாள். கேட்க வேண்டியதை ஒழுங்காகக் கேட்டால்தான் தனக்கே மூச்சு வரும் என்று தோன்றியது. *படுக்கையில் இருமினானா? வாயில், மூக்கில் பால் வந்ததா? மூச்சுத் திணறிக் கையைக் காலை உதைத்தானா?*

“ஒண்ணுமே இல்லை. வாய் காய்ஞ்சு கிடந்துச்சு. துடைக்கறதுக்குத் துணி வச்சிருந்தேன், அதுல ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். அசையாம கிடந்தான். பொம்மை மாதிரி.”

*அப்படியானால் பால் இல்லை, அம்மா. நூற்றுக்கு நூறு என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் இரத்தம் இப்போது இல்லை. ஆனால் பால் ஏறினால் பிள்ளை இருமும், திணறும், நுரை வரும். அசையாமல் மூச்சு மட்டும் நின்றது என்றால் அது இதுதான். எனக்கு நடந்ததுதான்.*

அம்மாவே படித்தாள். இரண்டு முறை படித்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள்; அவள் அழவில்லை. ஓங்கி அடிபட்டவள் மாதிரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

‘எனக்கு நடந்ததுதான்’ என்று எழுதிய பிறகுதான் மகளுக்கு அந்த வரியின் மீதி அர்த்தம் தெரிந்தது. எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு வயதுப் பிள்ளை. பக்கத்தில் அம்மா. கேட்டிருக்குமோ? அவள் கத்தியது அவனுக்குக் கேட்டிருக்குமோ?

மன்னிப்புக் கேட்பதற்காக, அப்பா அடித்த அந்த டாக்டரைத் தேட வேண்டியிருக்கவில்லை.

“எனக்குத் தெரியும்,” என்றார் அப்பா. “அந்தத் தெருப் பக்கமே நான் போறதில்லை.”

குரல் திரும்பியதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் போனார்கள். நான்கு மாடிக் கட்டடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அப்பா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். மூச்சு வாங்குகிறது என்றார். மூச்சு மட்டுமில்லை என்பது மற்ற இருவருக்கும் தெரியும். டாக்டரே கதவைத் திறந்தார். எழுபத்தேழு வயது, ஒடிசலான மனிதர், புருவத்துக்குக் கீழே ஒரு பழைய தழும்பு. அப்பாவைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்துகொண்டார்.

“இப்ப அடிச்சா தாங்க மாட்டேன்,” என்றார். விளையாட்டாகச் சொல்ல முயன்றிருக்க வேண்டும். கை கதவை விடவில்லை.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். மகள்தான் முன்னால் வந்து, கரகரத்த குரலில், தான் யார் என்று சொன்னாள்.

உள்ளே சோபாவில் உட்கார்ந்து தாளைக் காட்டி விளக்கினாள். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். இருபத்தொன்று என்ற எண்ணின் மேல் விரலை வைத்தார். அந்த விரல் அங்கேயே நின்றது.

“நான் மயக்க மருந்து டாக்டரே இல்லை,” என்றார் கடைசியில். “ஆறு மாசம் ஒருத்தர் கூட நின்னு கத்துக்கிட்டேன். அப்ப அப்படித்தான், ஆள் கிடையாது. முடிச்சதும் பையன் விரலை அசைச்ச மாதிரி இருந்துச்சு. குழாயை எடுத்துட்டேன். மூச்சு மெல்லிசா இருந்துச்சு, சரியாயிடும்னு நினைச்சுட்டேன்.” பிறகு அவளைப் பார்த்தார். “உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு? மூச்சு திரும்ப?”

“மூணே கால் மணி நேரம்.”

“மூணே கால்,” என்றார். “அவ்வளவுதானா?”

தாளிலிருந்து விரலை எடுத்தார்.

“மூச்சுக் குடுக்கற பை என் கையில இருந்துச்சு,” என்றார் டாக்டர். “குழாயை எடுக்காம, அந்தப் பையை அழுத்திக்கிட்டே இருந்திருந்தா போதும். மூணு மணி நேரம் என்ன, மூணு நாள்னாலும் அழுத்தியிருப்பேன். புத்தகத்துல ஒரு வரி இருந்துச்சும்மா. சிலருக்கு நேரம் ஆகும்னு. நான் அதைப் படிச்சிருக்கேன். பாலோ எதுவோ ஏறியிருக்கும், அவங்க மறைக்கறாங்கன்னு நினைச்சு நினைச்சே இத்தனை வருஷத்தை ஓட்டிட்டேன். அதுக்கப்புறம் மயக்க மருந்தைத் தொடல. தோல் வைத்தியம்தான் பார்த்தேன். தோல் வியாதியில யாரும் சட்டுனு சாக மாட்டாங்க.”

மன்னிப்புக் கேட்க அழைத்து வந்து, இவருக்கு இருந்த ஒரே ஆறுதலையும் பிடுங்கிவிட்டோம் என்று மகளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்பா எழுந்தார். அவர் நின்ற நிற்பைப் பார்த்து அம்மா பயந்து கையைப் பிடித்தாள். அவர் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, இரண்டடி நடந்து, டாக்டரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“நானும் வந்து முன்னாடியே கேட்டிருக்கலாம்,” என்றார். “என்ன ஆச்சுன்னு கேட்கல. அடிக்கத்தான் தெரிஞ்சுது.”

டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகளிடம் திரும்பி, தொழில்முறைக் குரலை வரவழைத்துக்கொண்டு கேட்டார்: “அந்த நேரத்துல உங்களுக்கு நினைவு இருந்துச்சா? ஏதாவது தெரிஞ்சுதா?”

அவர் எதைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடத்தில் ஓர் எண் பிசகியதற்குக்கூட அரை மதிப்பெண் போடாதவள் அவள்.

“இல்லை டாக்டர்,” என்றாள். “ஒண்ணுமே தெரியல. நல்ல தூக்கம். எழுப்பினப்பறம்தான் தெரியும்.”

டாக்டர் அவளைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். நம்பினாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அம்மா நம்பினாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

கிளம்பலாம் என்று எழுந்தபோது அப்பா கேட்டார்: “டாக்டர், அவன் ஏதாவது சொன்னானா? உள்ளே கூட்டிக்கிட்டுப் போனப்பறம்? நாங்க வெளியிலதான் இருந்தோம்.”

டாக்டர் யோசிக்கவே இல்லை. “சொன்னான். வெட்டினதைப் பாட்டில்ல போட்டுக் குடுப்பீங்களான்னு கேட்டான். வகுப்புல பக்கத்து பெஞ்சுப் பையன் நம்ப மாட்டானாம், கொண்டுபோய்க் காட்டணுமாம். சரின்னேன். மூடி இறுக்கமா இருக்கட்டும், ஸ்கூல் பை நனைஞ்சா அம்மா திட்டும்னான். அப்புறம் எண்ணச் சொன்னேன். ஏழு வரைக்கும் எண்ணினான்.”

அம்மாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. மறுபடி சோபாவில் உட்கார்ந்தாள்.

“பையை நனைச்சா நான் திட்டுவேன்தான்,” என்றாள். “இன்னொரு தரம் சொல்லுங்க டாக்டர்.”

டாக்டர் முதலிலிருந்து சொன்னார்.